வீட்டு முன்றலில் மூகோ பைன் வளர்த்தல்

குளிர்நாட்டில் வீடு வாங்கி முதல் வசந்தம் வந்ததும் எங்கள் ஆட்கள் பலர் கடையில் கேட்பது ஒரே மாதிரியான செடியைத்தான். வருடம் முழுக்கப் பச்சையாக இருக்க வேண்டும், ஜன்னலை மறைக்கக் கூடாது, பனியில் கருகக் கூடாது, அடிக்கடி வெட்டிக்கொண்டு நிற்கவும் நேரமில்லை. இவை எல்லாவற்றுக்கும் பொருந்துவது மூகோ பைன்.

மைனஸ் 40 பாகை செல்சியஸ் வரை இறங்கும் வின்னிபெக், எட்மன்டன் குளிரிலும் இது உயிரோடு இருக்கும். வீட்டு வளவுகளில் இது சாவதற்குப் பெரும்பாலும் மூன்று காரணங்கள்: ஆழமாக நடுவது, தேங்கும் தண்ணீர், தவறான மாதத்தில் வெட்டுவது. மூன்றும் எங்கள் கையில்தான் இருக்கின்றன.

இரண்டு பந்தியில் பின்னணி

அல்ப்ஸ், கார்பேதியன், பால்கன் மலைகளில், பெரிய மரங்கள் நின்றுபோகும் உயரத்துக்கு அருகிலும் அதற்கு மேலும் வளர்வது இது. கல்லும் சரளையும் நிறைந்த சரிவு, மெலிந்த மண், தடையில்லாத வெயில், மாதக்கணக்கில் பனி. பனியின் பாரம் ஏறும்போது கொப்புகள் முறியாமல் தரையோடு படுத்துவிடும், உருகியதும் நிமிரும். சுண்ணாம்புக் கல் மண்ணிலும் வளரும், புளிப்பு மண்ணிலும் வளரும். எங்கள் வீட்டு மண் இதற்குச் சரிவருமா என்ற கவலை வேண்டாம். தண்ணீர் வடிகிறதா என்று மட்டும் பாருங்கள்.

சுவிஸில் இருப்பவர்கள் ஏங்கடீன் பகுதியில் 1914இல் தொடங்கிய தேசியப் பூங்காவுக்குப் போனால் இந்த மலைப் பைனின் காட்டைப் பார்க்கலாம். அங்கே பாதையை விட்டு இறங்கவோ ஒரு காயைக்கூட எடுத்துவரவோ அனுமதியில்லை. மலையில் கிண்டி எடுத்து வீட்டில் நடலாம் என்ற எண்ணத்தை வேறிடங்களிலும் விட்டுவிடுங்கள். பல இடங்களில் அது சட்டப்படி குற்றம், கிண்டி எடுத்தது பிழைப்பதும் அரிது.

வாங்கும்போது

அட்டையில் தாவரவியல் பெயர் ‘பினஸ் மூகோ’ என்று இருக்க வேண்டும். ஜெர்மன் பேசும் இடங்களில் ‘லாட்சென்கீஃபர்’, ‘பெர்க்கீஃபர்’ என்றும், சுவிஸில் ‘லெக்ஃபோரெ’ என்றும் விற்பார்கள்.

அந்தப் பெயருக்குப் பின்னால் ரகத்தின் பெயர் இருக்கிறதா என்பதுதான் முக்கியம். வெறும் ‘மூகோ’ என்று மலிவாக விற்கப்படுபவை பெரும்பாலும் விதையிலிருந்து வளர்த்தவை. கடையில் முழங்கால் உயரத்தில் அழகாகக் குந்தியிருக்கும். விதைக்கன்று ஒன்றைப்போல் ஒன்று வராது. சில குட்டையாகவே நிற்கும், சில பதினைந்து இருபது வருடத்தில் 3 மீற்றரைத் தாண்டி அதே அளவுக்கு அகலிக்கும். அப்போது ஜன்னலும் மறையும், நடைபாதையும் மறையும். ஒட்டுக்கட்டிய பெயருள்ள ரகம் விலை கூடினாலும் அதையே வாங்குங்கள்.

- ‘மொப்ஸ்’: உருண்டையாக, மிக மெதுவாக வளரும். பல வருடங்களுக்குப் பிறகும் ஏறத்தாழ 1 மீற்றருக்குள் அடங்கும். சிறிய முன்றலுக்கு என் தெரிவு இதுதான்.
- ‘க்னோம்’: இதைவிடப் பெரியது, 2 மீற்றர் வரை போகும். வேலியோரத்துக்கு நல்லது.
- ‘பூமிலியோ’: உயரத்தைவிட அகலம் கூட. இந்தப் பெயரில் வருவதிலும் விதைக்கன்றுகள் உண்டு, எனவே பரந்த இடம் இருந்தால் மட்டும்.
- ‘வின்ரர் கோல்ட்’: கோடையில் பச்சை, குளிர்காலத்தில் பொன்மஞ்சள். மஞ்சளைக் கண்டு செத்துவிட்டது என்று பிடுங்கி எறிபவர்களும் உண்டு. வாங்கினால் வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள்.

கடையில் செடியைத் தூக்கிப் பாருங்கள். சாடியின் அடித்துளையால் தடித்த வேர்கள் வெளியே சுற்றியிருந்தால் அது நெடுநாள் அங்கேயே கிடந்த செடி. நுனி ஊசிகள் பழுத்திருந்தால் வேண்டாம். உள்ளே, தண்டுக்கு அருகில் உள்ள பழைய ஊசிகள் மஞ்சளாவது இயல்பு.

எச்சரிக்கை: யூ செடியோடு குழப்பாதீர்கள்

குட்டையான பச்சைச் செடி என்று கேட்டால் யூ செடியையும் காட்டுவார்கள். அதன் இலை, விதை இரண்டும் கடும் நஞ்சு. சிவந்த பழம் குழந்தைகளின் கையை இழுக்கும். வேறுபாடு காண்பது எளிது. மூகோ பைனின் ஊசிகள் இரண்டிரண்டாக ஒரே அடியிலிருந்து முளைக்கும், உருண்டு விறைப்பாக இருக்கும், காய் மரத்துண்டுபோல் கெட்டியாக இருக்கும். யூவின் இலை தட்டையாக, ஒற்றை ஒற்றையாகக் கொப்பின் இருபக்கமும் நிற்கும். ஒரு கொத்தைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். இரட்டை ஊசி வராவிட்டால் அது மூகோ அல்ல.

இடம் தெரிதல்

நாளுக்கு ஆறு மணிநேரமாவது நேர் வெயில் விழ வேண்டும். நிழலில் கொப்புகள் நீண்டு, இடையிடையே வெறுமையாகி, அடியில் மொட்டையாகும். பிறகு எந்த வெட்டும் அதைத் திருத்தாது.

வடிகால் பார்க்க ஒரு சோதனை. 30 சென்ரிமீற்றர் ஆழத்தில் குழி தோண்டித் தண்ணீர் நிரப்பி வடியவிடுங்கள். மறுபடி நிரப்புங்கள். சில மணிநேரத்தில் இறங்கினால் சரி. அடுத்த நாளும் தேங்கி நின்றால் அங்கே குழியில் நட வேண்டாம், மேட்டில்தான் நட வேண்டும். கூரைத் தண்ணீர்க் குழாய் வந்து கொட்டும் மூலையும், புல்தரைக்குத் தினமும் நீர் தெளிக்கும் தானியங்கியின் வட்டமும் கூடாது.

தூரத்தை அளக்கும்போது இன்றைய செடியை அளக்காதீர்கள். அட்டையில் எழுதியிருக்கும் வளர்ந்த அகலத்தில் பாதியை எடுத்து, அதற்கு மேலும் ஓரடி விட்டு, சுவரிலிருந்தும் நடைபாதையிலிருந்தும் தள்ளி நடுங்கள்.

பைன் பிசின் நிறைந்தது, தீப்பிடித்தால் சுறுசுறுவென்று எரியும். பார்பிகியூ அடுப்புக்கு அருகில் வேண்டாம். காட்டுத்தீ அபாயமுள்ள பிரிட்டிஷ் கொலம்பியா, அல்பேர்ட்டா போன்ற இடங்களில் வீட்டுக்கு 10 மீற்றருக்குள் ஊசியிலைச் செடிகளே வேண்டாம் என்பதுதான் கனடாவின் ‘ஃபயர்ஸ்மார்ட்’ திட்டம் சொல்லும் அறிவுரை. அங்கே இருப்பவர்கள் இதை அழகுக்காக மீறாதீர்கள்.

நடும் முறை

காலம்: சித்திரை, வைகாசியில் மண் இளகிய பிறகு. அல்லது ஓகஸ்ட் கடைசியிலிருந்து செப்டம்பர் முடிவு வரை. நிலம் உறைவதற்கு முன் வேர் பிடிக்க ஆறு வாரமாவது கிடைக்க வேண்டும்.

1. தோண்டுவதற்கு முன் நிலத்தடியில் எரிவாயுக் குழாய், மின்கம்பி இருக்கிறதா என்று கேட்டறியுங்கள். ஒன்ராறியோவில் ‘ஒன்ராறியோ வன் கோல்’ சேவைக்கு முன்கூட்டியே அறிவித்தால் வீட்டுக்காரரிடம் பணம் வாங்காமல் வந்து அடையாளமிடுவார்கள். சிறிய குழிதானே என்று இதைத் தவிர்க்க வேண்டாம்.

2. செடியைச் சாடியோடு தண்ணீர் வாளியில் இறக்கி, குமிழி வருவது நிற்கும்வரை ஊறவிடுங்கள்.

3. குழியின் அகலம் வேர்ப்பந்தைப்போல் இரண்டு மூன்று மடங்கு. ஆழம் வேர்ப்பந்தின் உயரத்தைவிடச் சற்றுக் குறைவு. அடியில் மண்ணைக் கிளறிவிட்டால் செடி பிறகு கீழே இறங்கிவிடும், அதனால் அடிமண்ணைத் தொடாதீர்கள்.

4. சாடியைக் கழற்றுங்கள். சுற்றிச் சுற்றி வளர்ந்த வேர் இருந்தால் விரலால் பிரியுங்கள். இறுகிப்போயிருந்தால் கூரான கத்தியால் மூன்று நான்கு இடங்களில் மேலிருந்து கீழாகக் கீறுங்கள். வேரில் வெள்ளை நூல் படர்ந்திருப்பதைப் பார்த்துப் பூஞ்சணம் பிடித்துவிட்டது என்று கழுவுபவர்கள் உண்டு. பைன் வேரோடு கூடி வாழ்ந்து அதற்கு உணவெடுத்துக் கொடுக்கும் பூஞ்சை அது. அப்படியே விடுங்கள். சாக்கில் கட்டி வந்த செடியானால் குழியில் வைத்த பிறகு கயிறு, கம்பி, மேல்பாதிச் சாக்கு எல்லாவற்றையும் வெட்டி எடுங்கள்.

5. அடித்தண்டு விரிந்து வேராக மாறும் இடத்தைத் தேடுங்கள். சில வேளைகளில் அது சாடி மண்ணுக்குள் புதைந்திருக்கும், மேல்மண்ணைச் சுரண்டினால் தெரியும். அந்த இடம் நிலமட்டத்துக்கு 2 முதல் 3 சென்ரிமீற்றர் மேலே நிற்க வேண்டும். இந்தப் படிமுறைகளில் ஒன்றை மட்டும்தான் கவனமாகச் செய்வீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள். ஆழ நட்ட பைன் உடனே சாகாது. இரண்டு மூன்று வருடம் சோர்ந்து நின்று பிறகு சாகும், காரணமும் விளங்காது.

6. தோண்டிய அதே மண்ணைத் திருப்பிப் போடுங்கள். மாட்டெரு, கொம்போஸ்ட், பசளைக் குளிசை எதுவும் குழிக்குள் வேண்டாம். களிமண் நிலத்தில் குழிக்குள் மட்டும் பஞ்சுபோன்ற மண்ணை நிரப்பினால் சுற்றுப்புறத் தண்ணீரெல்லாம் அங்கே வந்து தேங்கும். அப்படியான நிலத்தில் வேர்ப்பந்தின் மூன்றில் ஒரு பங்கு தரைக்கு மேலே நிற்கும்படி வைத்து, சுற்றிலும் மண்ணணைத்து அகலமான மேடாக்குங்கள்.

7. ஒரு வாளி, ஏறத்தாழ 10 லீற்றர் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். மண் இறங்கினால் நிரப்புங்கள். காலால் மிதிக்காதீர்கள்.

8. மரப்பட்டைத் துண்டை 5 சென்ரிமீற்றர் தடிப்பில் பரப்புங்கள். அடித்தண்டைச் சுற்றி ஒரு கையளவு இடத்தை வெறுமையாக விடுங்கள். தண்டில் முட்டுக்கொடுத்துக் குவித்தால் பட்டை அழுகும், எலியும் குடியேறும்.

குறிப்பு: கதியால் நடுவதுபோல் இதன் கொப்பை முறித்து நட்டால் வேர் விடாது. நண்பர் வீட்டுச் செடியில் கொப்பு கேட்டு வாங்கி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

தண்ணீரும் பசளையும்

முதற்கோடையில் வாரம் ஒருமுறை, கடும் வெயிலில் இரண்டுமுறை, ஒவ்வொரு வாளி. ஊற்றுமுன் விரலை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் தெரிந்தால் அன்று வேண்டாம். இரண்டாம் கோடையில் மழையில்லாத வாரங்களில் மட்டும். மூன்றாம் வருடத்திலிருந்து நீண்ட வறட்சி தவிர மறந்துவிடலாம்.

பசளை தேவையில்லை. புல்லுக்குப் போடும் நைதரசன் பசளை இதன் வேருக்கும் போய்விட்டால் தளிர்கள் நீண்டு, குட்டை வடிவமே கெட்டுவிடும்.

வடிவமைத்தல்: தளிர் கிள்ளும் கலை

மற்றப் பல செடிகளில் எங்கே வெட்டினாலும் அதற்குக் கீழே துளிர்க்கும். பைன் அப்படியல்ல. ஊசியில்லாத பழைய கொப்பில் புது மொட்டு வராது. அங்கே வெட்டினால் வெட்டிய கொப்பு அப்படியே காயும். வேலிச்செடி வெட்டும் இயந்திரத்தால் இதை உருட்டிவிட்டவர்கள் வீட்டில் பழுப்புப் பந்து ஒன்று நிற்பதைப் பார்த்திருப்பீர்கள்.

வசந்தத்தில் ஒவ்வொரு கொப்பின் நுனியிலும் வெளிர்நிறத் தளிர் நிமிர்ந்து எழும். தோட்டக்காரர்கள் அதை மெழுகுதிரி என்பார்கள். அது நீண்டு முடியும் தறுவாயில், ஊசிகள் இன்னும் விரியாமல் ஒட்டிக்கொண்டிருக்கும் சில வாரங்களில் கிள்ளினால் மட்டும், கிள்ளிய இடத்துக்கு அருகே அடுத்த வருட மொட்டுகள் உருவாகும். ரொறன்ரோ போன்ற இடங்களில் வைகாசிக் கடைசியிலிருந்து ஜூன் நடுப்பகுதி வரை. குளிர் நீடிக்கும் இடங்களில் ஜூன் முழுவதும். நாட்காட்டியைவிடத் தளிரைப் பார்ப்பதே சரி.

1. கையுறை, கண்ணாடி இரண்டும் அணியுங்கள். குனியும்போது ஊசி கண்ணில் குத்துவது இந்த வேலையில் எளிதில் நடக்கக்கூடியது.

2. கத்தரிக்கோலை வைத்துவிட்டு, பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் தளிரைப் பிடித்து ஒடியுங்கள். கத்தரித்தால் ஊசிகளின் நுனியும் வெட்டுப்பட்டுப் பழுப்பாகும்.

3. நீளமான தளிர்களை முதலில் எடுங்கள். மூன்றில் இரண்டு பங்கு வரை ஒடிக்கலாம். நடுத்தரமானவற்றில் பாதி. குட்டையானவற்றைத் தொடாதீர்கள்.

4. இரண்டடி பின்னால் போய்ப் பார்த்து, வடிவம் திருப்தியானதும் நிறுத்துங்கள். எல்லாவற்றையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவர முயன்றால் பிளாஸ்ரிக் செடிபோல் ஆகிவிடும்.

‘மொப்ஸ்’ போன்ற ரகத்துக்கு இது வருடாவருடம் தேவையில்லை. விதைக்கன்றை வாங்கியவர்கள்தான் வருடம் தவறாமல் செய்ய வேண்டும். அந்தச் சில வாரங்களைத் தவறவிட்டால் அடுத்த வருடம்வரை பொறுங்கள். ஆடி, ஆவணியில் அவசரப்பட்டு வெட்டினால் அடுத்த வருடத்து மொட்டையும் சேர்த்து வெட்டிவிடுவீர்கள்.

ஏற்கெனவே பெருத்துவிட்ட செடியைப் பாதியாகக் குறைக்க வழியில்லை. நடைபாதையை மறைக்கும் கொப்பை அது பிரியும் இடத்திலேயே முழுதாக நீக்கலாம். அதுவும் போதாதென்றால் செடியை எடுத்துவிட்டுச் சிறிய ரகம் நடுவதே புத்தி.

தளிர் காலத்தில் செடியைத் தட்டினால் மஞ்சள் தூள் பறக்கும். அது மகரந்தம், நோயல்ல. தும்மல் வருத்தம் உள்ளவர்கள் அது அடங்கியபின் வேலை செய்யுங்கள். கையில் ஒட்டிய பிசின் தண்ணீருக்குப் போகாது. தேங்காயெண்ணெய் தேய்த்து, பிறகு சவர்க்காரம் போட்டால் போய்விடும்.

குளிர்காலம்

நிலம் உறையுமுன் ஒருமுறை ஆழமாகத் தண்ணீர் விடுங்கள். மாசி, பங்குனி வெயிலும் காற்றும் ஊசியிலிருந்து ஈரத்தை உறிஞ்சும்போது உறைந்த மண்ணிலிருந்து வேரால் எடுக்க முடியாது. ஊசிகள் பழுப்பாவது அதனால்தான். முதலாவது குளிர்காலத்தில் காற்று வீசும் பக்கத்தில் நான்கு தடி நட்டுச் சாக்குத் துணி கட்டலாம். செடியின் மேலேயே சுற்றிக்கட்ட வேண்டாம், பிளாஸ்ரிக்கால் மூடவே வேண்டாம்.

பனி மூடிக் கிடந்தால் விட்டுவிடுங்கள், அது போர்வை. உறைந்த கொப்பை உலுக்கினால்தான் முறியும். வீதி உப்பை ஓரளவு தாங்கும். ஆனால் வாசல் உப்புப் பனியை அள்ளி இதன் மேலேயே குவிப்பது வேறு கதை.

சாடியில் வளர்ப்பவர்கள் ஐப்பசியில் கறிவேப்பிலைச் சாடியை உள்ளே தூக்கும்போது இதையும் தூக்காதீர்கள். இதற்குக் குளிர்த்தூக்கம் வேண்டும், சூடான அறையில் ஒரு குளிர்காலம் இருந்தாலே நலிந்துபோகும். வெளியே, சுவரோரம் ஒதுக்கி வையுங்கள். சாடியில் வேருக்கு நிலத்தின் பாதுகாப்பு இல்லை என்பதால் பெரிய, உறைபனியில் வெடிக்காத சாடி தேவை. மண்சாடி வெடிக்கும். அடித்துளை கட்டாயம், அடித்தட்டு கூடாது.

நோயும் பூச்சியும்

முதலில் பயம் தெளிவோம். இலையுதிர்காலத்தில் உள்பக்கத்துப் பழைய ஊசிகள் மஞ்சளாகி உதிர்வது வழமை. நுனிப்பக்கம் பழுத்தால்தான் பிரச்சினை.

ஊசியில் சுண்ணாம்புப் புள்ளி தெளித்ததுபோல் வெள்ளையாக இருந்தால் செதிற்பூச்சி. நகத்தால் சுரண்டினால் வரும். கனடாவில் லைலக் பூக்கும் காலத்தையொட்டிச் செந்நிறக் குஞ்சுகள் வெளிவந்து ஊரும். அப்போது பூச்சிச் சவர்க்காரம் தெளித்தால் அடங்கும். ஓட்டுக்குள் புகுந்தபின் தெளித்துப் பயனில்லை. ‘பைனுக்கு’ என்று லேபிளில் எழுதாத எதையும் தெளிக்காதீர்கள், வேப்பெண்ணெயும் பாத்திரம் கழுவும் திரவமும் அதில் சேரும். ஒன்ராறியோவில் 2009 முதல் வீட்டுத் தோட்ட அழகுக்காகப் பல இரசாயன மருந்துகளைப் பயன்படுத்தத் தடை இருக்கிறது.

வசந்தத்தில் கருந்தலைப் புழுக்கள் கூட்டமாக இருந்து பழைய ஊசிகளைத் தின்னும். கிட்டப் போனால் எல்லாம் ஒன்றாகத் தலையை உயர்த்தும். கையுறை போட்டு வழித்துச் சவர்க்காரத் தண்ணீரில் போடுங்கள், மருந்து தேவையில்லை. புதுத் தளிரை அவை பெரும்பாலும் தொடாததால் செடி தேறிவிடும்.

புதுத்தளிர் முளைத்த கையோடு குட்டையாக நின்று பழுப்பாகிப் பிசின் வடிந்தால் நுனிக்கருகல் பூஞ்சை. காய்ந்த வானிலையில் மட்டும் அந்தக் கொப்புகளை வெட்டி அகற்றுங்கள், ஒவ்வொரு வெட்டுக்கும் பிறகு கத்தியை அல்கஹோலால் துடையுங்கள். ஈரத்தில் வெட்டினால் நீங்களே பரப்புகிறீர்கள். ஊசியில் செந்நிறப் பட்டையோ பழுப்புப் புள்ளியோ கண்டால், குறிப்பாகச் சுவிஸில், உள்ளூர்த் தாவரப் பாதுகாப்பு அலுவலகத்துக்குப் படத்தோடு அறிவியுங்கள். அங்கே மலைப் பைன்களை இந்த ஊசி நோய்கள் தாக்கியிருக்கின்றன.

பிரான்ஸ், இத்தாலி, தெற்குச் சுவிஸ் வாசகர்களுக்கு ஒன்று. குளிர்காலத்தில் பைனில் வெள்ளைப் பட்டுக்கூடு தொங்கினால் கை வைக்கவேண்டாம். வரிசையாக ஊர்ந்து செல்லும் மயிர்க்கொட்டிகள் அதற்குள் இருக்கும். அவற்றின் மயிர் தோலையும் கண்ணையும் தாக்கும், நாய் நக்கினால் உயிராபத்து. பிள்ளைகளையும் நாயையும் உள்ளே எடுத்துக்கொண்டு நகரசபையை அழையுங்கள்.

நடக்கூடாத இடங்கள்

டென்மார்க்கின் யூட்லாந்து மணல்மேடுகளில் மணல் பறக்காமலிருக்க 19ஆம் நூற்றாண்டில் இதைப் பெருமளவில் நட்டார்கள். மணல் நின்றது. பைன் நிற்காமல் பரவியது, இன்று திறந்த மேடுகளிலிருந்து வெட்டி அகற்றுகிறார்கள். நோர்வேக் கரையோரத்திலும் காற்றோடு விதை பறந்து புதர்நிலங்களில் முளைக்கிறது. நியூசிலாந்து மலைகளில் இது களை. இந்த நாடுகளில் கரையோரமாகவோ திறந்த புல்வெளிக்கு அருகிலோ வீடு இருந்தால் வாங்குமுன் உள்ளூர் நகரசபையிடம் கேளுங்கள். வேண்டாம் என்றால் நடாதீர்கள். அந்த நிலத்துக்கே உரிய குட்டைச் செடி ஒன்றைக் கேட்டு வாங்கி நடுங்கள்.